ஒரு பெயருக்குள் மறைந்த நான்கு விலங்குகள்

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் அமர்த்தப்பட்டிருந்தேன். இயந்திரத்தில் வந்து விழும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதே வேலை. ஒருநாள் இரவு பக்கத்தின் அடியில் நான்கு அங்குல இடம் காலியாக இருந்தது. கையில் அகப்பட்ட துணுக்கு, அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள தீவொன்றில் எஞ்சியிருக்கும் 'பண்டிகூட்' என்ற அரிய விலங்கைப் பற்றியது. அகராதியைப் புரட்டினேன், பெருச்சாளி என்றிருந்தது. 'பெருச்சாளிகளைக் காப்பாற்ற அவுஸ்திரேலியா முயற்சி' என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவரிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. "தம்பி, எங்கள் களஞ்சியத்தில் நெல்மூட்டையைத் துளைக்கிற பெருச்சாளிக்கும் நீர் எழுதிய பிராணிக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. அதற்கு வயிற்றில் பை இருக்கிறது" என்று எழுதியிருந்தார். செய்தி ஆசிரியர் அதனை என்னைக் கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பித்தார்.

தவறு முழுவதும் என்னுடையதன்று என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. பண்டிகூட் என்பது ஆங்கிலச் சொல்லே அன்று. தெலுங்கிலே பெருச்சாளிக்குப் பந்திகொக்கு என்று பெயர். பன்றியெலி என்பது பொருள். இந்தியாவிலே அச்சொல்லைக் கற்ற ஆங்கிலேயர், அவுஸ்திரேலியாவில் நீண்ட மூக்கால் மண்ணைக் கிளறும் ஒரு பிராணியைக் கண்டதும் தெரிந்த பெயரை அதன் தலையிலே கட்டிவிட்டார்கள். நான் அச்சொல்லைத் திரும்பத் திராவிட மொழிக்குக் கொண்டுவந்தபோது பிராணியும் கூடவே எலியாகிவிட்டது. பெயரைத் தவறாகச் சூட்டுவதால் ஒரு விலங்குக்கு என்ன நேர்ந்துவிடப் போகிறது என்று அப்போது நினைத்தேன். அதே விலங்கின் வரலாற்றை அண்மையில் மீண்டும் வாசித்தபோது அந்த எண்ணம் மாறியது.

மார்சூப்பியல் எனப்படும் வயிற்றுப்பை விலங்குகளில் கங்காருவையும் கோலாவையும் உலகம் அறியும். அவற்றின் சின்னஞ்சிறு உறவினர்களை அறிந்தவர்கள் குறைவு. 1788இல் பிரித்தானியக் குடியேற்றம் தொடங்கியதன் பின்னர் அவுஸ்திரேலியாவுக்கே உரிய தரைவாழ் பாலூட்டிகளில் 30இற்கும் மேற்பட்ட இனங்கள் அழிந்துவிட்டன. அந்தக் காலப்பகுதியில் வேறெந்த நாடும் இத்தனை பாலூட்டிகளை இழக்கவில்லை. பெரும்பாலும் அழிந்தவை நடுத்தர உடலின. எலியிலும் பெரிதாய், சிறிய நாயிலும் சிறிதாய் இருந்தவை. பூனைக்கும் நரிக்கும் அளவெடுத்த இரைகள்.

இக்கதை நடக்கும் இடம் மேற்கு அவுஸ்திரேலியாவின் சுறாக் குடா. ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பற்தலைவன் டேர்க் ஹார்ட்டொக் 1616 ஒக்டோபர் 25ஆந் திகதி அங்குள்ள தீவொன்றில் கரையிறங்கி, ஒரு வெள்ளீயத் தட்டிலே தன் வருகையைப் பொறித்துக் கம்பமொன்றில் அறைந்துவிட்டுச் சென்றான். யாழ்ப்பாணக் கோட்டை இதே கம்பனியின் கைக்கு வருவதற்கு அப்போது இன்னும் 42 ஆண்டுகள் இருந்தன. அந்தத் தட்டு இன்று அம்ஸ்ரர்டாம் நூதனசாலையில் இருக்கிறது. 1629இல் அதே கம்பனியின் பட்டேவியா என்ற கப்பல் இன்னும் தெற்கே பாறையில் மோதி உடைந்தது. அதன் தளபதி பெல்சார்ட் அத்தீவுகளில் கண்ட சிறிய கங்காரு ஒன்றைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். பைக்குள்ளே முலைக்காம்பைக் கவ்வியபடி கிடந்த குட்டியைப் பார்த்து, அது காம்பிலிருந்தே முளைத்து வளர்கிறது என்று அவர் முடிவுசெய்தார். இவர் முன்னர் ஆக்ராவிலே கம்பனியின் வணிகராக இருந்து, ஜஹாங்கீர் காலத்து இந்தியாவைப் பற்றி இன்றும் வரலாற்றாசிரியர்கள் எடுத்தாளும் அறிக்கையொன்றை எழுதியவர். கூர்மையான பார்வையுடையவர்தான், ஆயினும் பார்த்திராத ஒன்றைப் பார்க்கும்போது கண் தடுமாறுகிறது.

1818இல் பிரெஞ்சு நாட்டின் யுரானி என்ற ஆய்வுக் கப்பல் சுறாக் குடாவுக்கு வந்தது. அதிலிருந்த குவோய், கெய்மார்ட் என்ற இரு கப்பல் வைத்தியர்கள் உயிரியல் மாதிரிகளைச் சேகரித்தனர். நாடு திரும்பும் வழியில் 1820இல் அக்கப்பல் போக்லன்ட் தீவுகளருகே சேதமடைந்தது. தப்பியவற்றையும் குறிப்புகளையும் கொண்டு அவர்கள் 1824இல் விவரித்த விலங்குகளுள் ஒன்று, பின்முதுகிலே மங்கலான பட்டைகளையுடைய ஒரு பண்டிகூட். அதற்குப் பெராமெலிஸ் புகன்வில் என்பது விஞ்ஞானப் பெயர். உள்ளங்கையில் அடங்கக்கூடிய, ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள பிராணி.

அதன்பின் கண்டத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து இதே சாயலுடைய பண்டிகூட்டுகள் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன. 1841இல் கிழக்கே நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததற்கு ஒரு பெயர். அதே ஆண்டில் தென்மேற்கிலிருந்து வந்ததற்கு வேறொரு பெயர். 1922இல் தென்கிழக்கிலிருந்து வந்ததற்கு இன்னொன்று. இருபதாம் நூற்றாண்டில் வகைப்பாட்டாளர்கள் இந்தப் பெயர்ப் பெருக்கத்தைக் குறைக்க முனைந்தார்கள். மண்டையோட்டையும் பல்லையும் அளந்து பார்த்தபோது வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. எல்லாம் ஒரே இனம், இடத்துக்கிடம் சற்று மாறுபடுகிறது, அவ்வளவே என்று தீர்மானித்து 'மேற்குப் பட்டைப் பண்டிகூட்' என்ற ஒரே தலைப்பின் கீழ் சேர்த்துவிட்டார்கள். இது அலட்சியத்தால் நேர்ந்ததன்று. கையிலிருந்த சாட்சியம் அவ்வளவே.

இதற்கிடையில் பெருநிலத்தில் அந்த விலங்கு வேகமாக மறைந்துகொண்டிருந்தது. முதற் குடியேறிகளுடன் பூனை வந்தது. 1859இல் விக்டோரியாவில் ஒரு பண்ணையார் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து அவிழ்த்துவிட்டார். அடுத்த தலைமுறையில் அதே மாநிலத்தில் செந்நரி வேரூன்றியது. முயலைத் தின்று பெருகிய நரி, முயல் பரவிய வழியே தானும் பரவி 1910களில் மேற்கு மாநிலத்தை எட்டியது. செம்மறி ஆடுகள் புதர்களை மேய்ந்து வெளியாக்கின. ஒளிந்துகொள்ளும் இடமும் போயிற்று. பண்டிகூட்டுக்கு மரமேறத் தெரியாது. பகலில் புல்லாலான கூட்டினுள்ளே அசையாமற் படுத்திருப்பதே அதன் தற்காப்பு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பெருநிலத்தில் ஒன்றும் எஞ்சவில்லை.

எஞ்சியவை சுறாக் குடாவின் வாயிலிலுள்ள பேர்னியர், டோர் என்ற இரு தீவுகளில் மட்டுமே. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்னர் கடல்மட்டம் உயர்ந்தபோது பெருநிலத்திலிருந்து துண்டிக்கப்பட்ட நிலத்துண்டுகள் அவை. நரி அங்கு போகவில்லை, பூனையும் நிலைபெறவில்லை. குடிநீர் இல்லாத, எவரும் விரும்பாத தீவுகள். எவரும் விரும்பாத இடங்களுக்கு அரசுகள் யாரை அனுப்பும் என்பது நமக்குத் தெரியாததன்று. 1908 முதல் 1919 வரை, பாலியல் நோய் உடையவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட ஆதிக்குடி மக்கள் மேற்கு அவுஸ்திரேலியாவின் பல பகுதிகளிலிருந்தும் பிடித்துவரப்பட்டு, ஆண்கள் பேர்னியரிலும் பெண்கள் டோரிலுமாக அடைக்கப்பட்டார்கள். வைத்தியசாலை என்பது பெயர். சங்கிலியிட்டு நடத்தியே பலரைக் கொண்டுவந்தார்கள், பலர் திரும்பவேயில்லை. அவர்கள் கப்பலேறிய கார்னார்வொன் துறையில் 2019இல்தான் ஒரு நினைவுச் சிலை எழுப்பப்பட்டது. பண்டிகூட்டைப் பற்றிய கட்டுரையில் இதற்கென்ன இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த விலங்கு பிழைத்திருந்த தீவுகள் எத்தகையவை என்பதை மறைத்துவிட்டு அதன் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். இறந்த உயிரின் உடலில் டி.என்.ஏ. உடனே அழிந்துவிடுவதில்லை, துண்டு துண்டாக உடைந்து எலும்பிலும் தோலிலும் பல்லிலும் தங்குகிறது. வெப்பமும் ஈரமும் அதன் எதிரிகள். 1984இல் கலிபோர்னியாவிலே அலன் வில்சனின் ஆய்வுகூடத்தில், குவாகா என்ற அழிந்துபோன வரிக்குதிரையின் பழந்தோலிலிருந்து முதன்முறையாக அத்தகைய துண்டுகளை எடுத்தார்கள். அடுத்து அந்த ஆய்வுகூடம் கைவைத்த விலங்குகளில் ஒன்று வயிற்றுப்பை விலங்கு: 1936இல் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் கடைசியாக இறந்த தஸ்மேனியப் புலி. அதன் டி.என்.ஏ. பற்றிய கட்டுரை 1989இல் வெளியாயிற்று. அதை எழுதியவர்களில் ஒருவரான ஸ்வாந்தே பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்ததை வாசகர்கள் அறிவார்கள். ஆதிமனிதரின் மரபணுவை வாசித்ததற்காக அவருக்கு வழங்கப்பட்ட பரிசு அது. அவர் கைபழகிய விலங்குகளுள் தஸ்மேனியப் புலியும் ஒன்று என்பதை அப்போது எழுதியவர்கள் சிலரே.

பண்டிகூட்டுக்கு வருவதற்கு மேலும் காலம் பிடித்தது. பேர்த் நகரிலுள்ள மேற்கு அவுஸ்திரேலிய நூதனசாலையின் கெனி ட்ரவூயோனும், குவீன்ஸ்லாந்து தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் மத்தியூ பிலிப்ஸும் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நூதனசாலை இழுப்பறைகளில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கிடந்த தோல்கள், மண்டையோடுகள் ஆகியவற்றின் அளவுகளையும் அவற்றில் சிலவற்றிலிருந்து பெறப்பட்டிருந்த டி.என்.ஏ.யையும் ஒன்றாக வைத்து அவர்கள் ஆராய்ந்தார்கள். முடிவு இதுதான்: ஒரே இனம் என்று எண்ணப்பட்டது உண்மையில் ஐந்து இனங்கள். சுறாக் குடாவினது ஒன்று, தென்மேற்கினது ஒன்று, கிழக்கினது ஒன்று, தென்கிழக்கினது ஒன்று. ஐந்தாவது, நல்லார்பர் சமவெளியைச் சேர்ந்தது. அதற்கு அதுவரை பெயரே இருக்கவில்லை. அதன் பின்புறத்திலுள்ள அடையாளம் வண்ணத்துப்பூச்சியைப் போலிருந்ததால் பிரெஞ்சுச் சொல்லைக்கொண்டு 'பப்பியோன்' என்று பெயரிட்டார்கள்.

அந்த விலங்குக்குப் பெயர் கிடைத்தபோது அது இறந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஐந்தில் நான்கு முற்றாக அழிந்தவை. எஞ்சியது சுறாக் குடாவினது மட்டுமே. 2018 வரை உத்தியோகபூர்வப் பதிவேட்டில் இருந்தது, 'பரப்பெல்லை சுருங்கிய, ஆனால் உயிரோடிருக்கும் ஓர் இனம்'. உண்மையில் நிகழ்ந்திருந்தவை நான்கு மரணங்கள். உயிரோடிருந்த ஒன்றின் பெயரே நான்குக்கும் போர்வையாகிவிட்டதால் அவை எண்ணப்படவில்லை. காணாமற்போனோரின் எண்ணிக்கையைப் பற்றி முப்பது ஆண்டுகளாக எழுதிவரும் எனக்கு இந்த இடத்தில் வாசிப்பதைச் சற்று நிறுத்த வேண்டியிருந்தது.

இதை வெறும் பட்டியல் திருத்தம் என்று தள்ளிவிட முடியாது. தென் அவுஸ்திரேலியாவில் ரொக்ஸ்பி டவுன்ஸ் நகரருகே, பூனையும் நரியும் புகமுடியாத வேலியிட்டு அமைக்கப்பட்ட அரிட் ரிக்கவரி என்ற சரணாலயம் உண்டு. அங்கு 2001இல் சுறாக் குடாப் பண்டிகூட்டுகள் கொண்டுவந்து விடப்பட்டன. அழிந்துபோன இடத்துக்கு அதே விலங்கு திரும்புகிறது என்பதே எல்லோருடைய எண்ணமும். 2018இன் பின்னர் பார்த்தால் திரும்பி வந்தது அதே விலங்கன்று; அதன் உறவினம். இறந்த அண்ணன் வீட்டில் தம்பியைக் குடியிருத்தியது போன்றது.

அப்படியானால் அங்கு விட்டது பிழையா? அப்படி நான் நினைக்கவில்லை. பண்டிகூட் மண்ணைக் கிளறுவதால் மழைநீர் உள்ளே இறங்குகிறது, விதைகள் புதைகின்றன, உலர்ந்த சருகு மக்குகிறது. அந்த வேலையைச் செய்ய வேறொருவரும் இல்லாத நிலத்தில் உறவினம் செய்வதும் நன்மையே. இரு சிறு தீவுகளில் மட்டும் வாழ்ந்த இனத்துக்குப் பெருநிலத்தில் இன்னொரு காப்பிடம் கிடைப்பதும் நன்மையே. அத்தீவு விலங்குகளிடையே மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்பதை 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருந்தது. பருக்களாகத் தோன்றிப் புற்றாக மாறக்கூடிய வைரசுத் தொற்று ஒன்றும் அவற்றில் கண்டறியப்பட்டது. ஒரே கூடையில் எல்லா முட்டைகளையும் வைப்பது எத்தனை ஆபத்து என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் செய்வதை இன்னதென்று தெரிந்து செய்யவேண்டும். மீட்பு வேறு, பதிலீடு வேறு. மீட்பு என்று எழுதிவிட்டால் இழப்பு நேரானதாகக் கணக்கு முடிந்துவிடும்.

இந்தக் குடும்பத்தின் மற்றொரு கதையையும் சொல்லியாகவேண்டும். 1836இல் மரே, மரம்பிட்ஜி ஆறுகள் கூடும் பகுதியில் நில அளவையாளர் தோமஸ் மிட்சலின் குழுவினர் ஒரு விந்தையான பிராணியைப் பிடித்தனர். முன்காலில் பன்றியைப் போல இரண்டு குளம்பு விரல்கள். பின்காலில் குதிரையைப் போல ஒன்று. பன்றிக்கால் பண்டிகூட் என்று ஆங்கிலத்தில் பெயர் வந்தது. தெலுங்கு தெரிந்தவருக்கு இது 'பன்றிக்காற் பன்றியெலி'! விஞ்ஞானப் பெயர் இதைவிட மோசம். பிடிபட்ட மாதிரி எப்படியோ வாலை இழந்திருந்தது. 1838இல் அதை விவரித்தவர், இயல்பிலேயே வாலில்லாதது என்றெண்ணி 'வாலிலி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டிவிட்டார். 1857இல் ஜெராட் கிரெஃப்ட் என்ற இயற்கையியலாளர் அதே பகுதிக்குச் சென்று, வாலில்லாத அந்தப் படத்தை ஆதிக்குடிகளிடம் காட்டி இதைக் கொண்டுவாருங்கள் என்றார். அவர்கள் சாதாரணப் பண்டிகூட்டுகளைப் பிடித்து வாலைப் பிய்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். கடைசியில் உண்மையான விலங்கும் கிடைத்தது. உணவுத் தட்டுப்பாட்டில் தமது பசி விஞ்ஞானத்தை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வென்றுவிட்டதாக அவரே வெட்கத்துடன் ஒப்புக்கொண்டிருக்கிறார். இறைச்சி சுவையாக இருந்ததாம்.

அந்த விலங்கின் ஐயத்துக்கிடமற்ற கடைசி மாதிரி 1901இல் கிடைத்தது. ஆயினும் 1988இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நூதனசாலைத் தோல்களை மத்திய பாலைவனங்களுக்கு எடுத்துச்சென்று ஆதிக்குடி முதியவர்களிடம் காட்டியபோது, அவர்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளங்கண்டார்கள். எதை உண்ணும், எங்கே படுக்கும், எப்போது கடைசியாகக் கண்டோம் என்றும் சொன்னார்கள். அவர்களின் கணக்குப்படி பன்றிக்காலுடையது 1950கள் வரை உயிரோடிருந்தது. எழுத்திலே மரித்த ஒன்று அவர்கள் கண்முன்னே அரை நூற்றாண்டு நடமாடியிருக்கிறது. 2019இல் ட்ரவூயோனும் அவரது சகாக்களும் நூதனசாலைகளில் எஞ்சிய சொற்ப மாதிரிகளை ஆராய்ந்து இதுவும் ஒன்றல்ல, இரண்டு என்று நிறுவினர். இரண்டாவதற்கு ஆதிக்குடிகளின் சொல்லான 'யிர்ராட்ஜி' என்பதையே பெயராக வைத்தார்கள். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பெயர் அதுதான்.

நூதனசாலைத் தோல்கள் நூறு, இருநூறு ஆண்டுகளைத்தான் காட்டும். அதற்கும் அப்பாற் செல்லக் குகைகள் உண்டு. ஆந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கக்கிய எலும்புகள் குகைத் தரையில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பெரும்பாலானவை கண்ணால் இன்னதென்று சொல்லமுடியாத நொறுங்கல்கள். தொல்லியலாளர் முன்னர் அவற்றைப் பையிலிட்டுக் கட்டி வைத்துவிடுவார்கள். 2013இல் மைக்கல் பன்ஸ் என்பவரின் குழு, பெயரறியாத அந்த நொறுங்கல்களைத் தொகுதியாக அரைத்துத் தூளாக்கி, அந்தக் கலவையிலுள்ள டி.என்.ஏ. துண்டுகளை ஒருசேர வாசித்து, அதில் எந்தெந்த விலங்குகள் கலந்துள்ளன என்று கூறும் முறையொன்றை வெளியிட்டது. மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்மேற்கிலுள்ள குகைகளே அதற்குப் பரீட்சைக் களம். அப்பகுதியில் வொய்லி என்றொரு சிறு கங்காரு உண்டு. நரிக்கு நஞ்சு வைத்ததனால் அது மீண்டுவிட்டது என்று கூறி 1996இல் அருகிவரும் விலங்குகளின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 1999இற்கும் 2006இற்கும் இடையில் அதன் தொகை ஏறத்தாழ 90 சதவீதம் சரிந்தது. அதன் பழைய எலும்புகளிலிருந்தும் தோல்களிலிருந்தும் எடுத்த டி.என்.ஏ.யைக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வு, அக்குடும்பத்தின் கிளைகள் எண்ணியிருந்ததைவிட மிகச் சிக்கலானவை என்று காட்டியது. இன்று வாழ்பவற்றை மட்டும் எண்ணிப் பார்த்துத் திருப்தியடைகிறவர், முன்பிருந்ததில் எவ்வளவு போயிற்று என்பதை அறியமாட்டார்.

பழைய டி.என்.ஏ. என்றதும் தஸ்மேனியப் புலியை உயிர்ப்பிக்கப் போகிறார்கள் என்ற செய்திதான் பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். சிட்னி நூதனசாலை 1999இல் தொடங்கிய முயற்சி 2005இல் கைவிடப்பட்டது. 2022இல் அமெரிக்கக் கம்பனி ஒன்று மீண்டும் தொடங்கியிருக்கிறது. நடந்தால் பார்ப்போம். அதற்குக் கிடைக்கும் தலைப்புச் செய்திகளில் பத்திலொன்றாவது உயிரோடிருக்கும் வொய்லிக்குக் கிடைத்தால் நல்லது. என் தொழிலைச் சேர்ந்தவர்களும் இதில் குற்றவாளிகள்.

ஹார்ட்டொக் இறங்கிய அதே தீவில் இப்போது வேறுவிதமான வேலை நடக்கிறது. 'மீண்டும் 1616' என்பது திட்டத்தின் பெயர். ஏறத்தாழ 620 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. செம்மறிகளும் காட்டு ஆடுகளும் அகற்றப்பட்டன. 2018இல் பூனைகளும் முற்றாக ஒழிந்துவிட்டதாக உறுதிசெய்யப்பட்டது. அத்தனை பெரிய தீவொன்றிலிருந்து பூனையை ஒழித்ததற்கு அதற்குமுன் உதாரணமில்லை. பிறகு எந்த விலங்குகளைக் கொண்டுவருவது என்ற கேள்வி. 1616இல் அங்கிருந்தவற்றின் பட்டியலை ஒல்லாந்தர் எழுதிவைக்கவில்லை. மணற்குன்றுகளில் சிதறிக் கிடந்த எலும்புகளே பட்டியலாயின. 2019இல் சுறாக் குடாப் பண்டிகூட் வந்து சேர்ந்தது. இங்கே அது உறவினமன்று. இந்த மண்ணுக்கே உரியது.

அதற்கு முந்திய ஆண்டில் கொண்டுவரப்பட்டவை இருவகை முயற்கங்காருக்கள். எலும்புகள் காட்டிய பட்டியலில் இவை இருக்கவில்லை. அண்டைத் தீவுகளில் வாழ்வதால் இங்கும் இருந்திருக்கக்கூடும் என்ற கணிப்பின் பேரிலேயே கொண்டுவந்தார்கள். 1699இல் சுறாக் குடாவுக்கு அப்பெயரைச் சூட்டிய ஆங்கிலக் கடலோடி வில்லியம் டம்பியர், முன்னங்கால் குட்டையான, துள்ளித் துள்ளிச் செல்லும் ஒரு பிராணியை அங்கே கண்டதாக எழுதியிருக்கிறார். அது பட்டை முயற்கங்காருவாக இருக்கவேண்டும் என்பது பொதுவான கருத்து. அதன் இறைச்சி நன்றாக இருந்ததென்றும் எழுதியிருக்கிறார்.